கேட்ட அழுத்தமும் வந்த அழுத்தமும்

டர்போ பொருத்திய வண்டியில் இழுவை குறைந்தால் முதல் பழி டர்போவின் மேல்தான் விழுகிறது. பாளையங்கோட்டையில் பட்டறை வைத்து, லாரிகளிலும் டீசல் கார்களிலும் பல ஆண்டுகள் பழகிய பிறகும் எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது. ஏனெனில் பூஸ்ட், அதாவது டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம், குறைவு என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டர்போவைக் கழற்ற வேண்டிய தேவையே எழவில்லை. அதைச் சுற்றியிருக்கும் ஹோஸ், கிளிப், வால்வு ஆகியவற்றில் ஒன்றுதான் காரணமாக இருந்தது. சோதித்துப் பார்க்காமல் டர்போவை மாற்றச் சொல்வது வண்டிக்காரருக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன். அந்தக் கருத்தை எனக்குள் உறுதியாக்கியது ஓர் இரட்டை டர்போ ஸ்போர்ட்ஸ் கார்.

வள்ளியூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் ஆசைப்பட்டுப் பெங்களூரில் பழைய வண்டியாக வாங்கி வந்த இரண்டு இருக்கைக் கார் அது. வரிசையாக ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர் பெட்ரோல் என்ஜின், இரண்டு சிறிய டர்போக்கள். ஊருக்குள் ஓட்டும்போது குறை எதுவும் தெரியாது. நான்குவழிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறிய பிறகு, முன்னே போகும் லாரியைத் தாண்ட அழுத்தி மிதித்தால் இழுவை பாதியில் நின்று, என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்து ஓடும் நிலைக்கு, போய்விடும். ஓரங்கட்டி அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். "ரெண்டு டர்போவும் போயிட்டுன்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. மாத்தணும்னா லட்சக்கணக்குல ஆகுமாம்" என்று அவர் சொன்னபோது, அவர் முகத்தில் வண்டியை விற்றுவிடும் முடிவு ஏறக்குறைய எழுதியிருந்தது.

ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இன்றும் அடிப்படையில் மாறவில்லை. வீணாக வெளியேறும் புகையின் விசையில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்புகிறது. ஒரு பெரிய டர்போ வேகமெடுக்கச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் அதன் வேலையை இரண்டு சிறிய டர்போக்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள். விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் செய்தது 1981இல் வெளியான மசராட்டி பைடர்போ. இரட்டை டர்போவிலும் இரு வகை உண்டு. 1993இல் வந்த டொயோட்டா சுப்ரா போன்றவற்றில் குறைந்த சுற்றில் ஒரு டர்போ மட்டும் வேலை செய்யும். சுற்று ஏறிய பிறகே இரண்டாவது சேரும். அத்தகைய வண்டியில் எந்தச் சுற்றில் அழுத்தம் விழுகிறது என்பதே குறை எங்கே என்பதை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். எங்களிடம் வந்தது இணையாக வேலை செய்யும் வகை: முன்னால் உள்ள மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு டர்போவுக்கும், பின்னால் உள்ள மூன்றின் புகை மற்றொன்றுக்கும் போகும், இரண்டும் அழுத்தும் காற்று ஒரே குழாயில் கலந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும். இரண்டு மோட்டார் ஒரே வாய்க்காலில் தண்ணீர் இறைக்கும்போது மடையில் நிற்பவருக்கு எந்த மோட்டார் குறைவாக இறைக்கிறது என்று தெரியாதல்லவா, அப்படித்தான் இந்த வண்டியின் ஒற்றைப் பூஸ்ட் சென்சாரும். அது மொத்தத்தைச் சொல்லும். யார் பங்கு குறைந்தது என்று சொல்லாது.

ஸ்கேனரைப் போட்டதும் பூஸ்ட் அழுத்தம் போதவில்லை என்ற பிழைக் குறியீடு வந்தது. அந்தக் குறியீட்டைப் படித்தவுடன் பாகம் மாற்றத் தொடங்குவதுதான் ஆபத்து. சென்சார்களை நம்பலாமா என்று முதலில் பார்க்க வேண்டும். என்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போட்டுவிட்டு, வெளிக்காற்றின் அழுத்தம், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு முன்னுள்ள அழுத்தம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கடல் மட்டத்தில் 1013 மில்லிபார் என்பது பொதுக் கணக்கு. திருநெல்வேலிச் சமவெளியில் அதைவிடச் சற்றே குறைவாக இருக்கும். இதே வண்டி மாஞ்சோலை ஏறிப் போனால் 900ஐ ஒட்டி இறங்கும், அது பழுதல்ல. ஸ்கேனர் காட்டுவது வெளிக்காற்றையும் சேர்த்த முழு அழுத்தம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். திரையில் 1.3 பார் என்று வந்தால் உண்மையான பூஸ்ட் 0.3 பார்தான். இதைக் கவனிக்காமல், பூஸ்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று சென்சார்களும் ஒத்துப்போயின. அடுத்தது சாலைச் சோதனை. விடியற்காலையில் ரெட்டியார்பட்டி தாண்டி நாங்குநேரிச் சாலையில், என் உதவியாளர் பக்கத்தில் மடிக்கணினியோடு அமர, மூன்றாவது கியரில் 2000 சுற்றிலிருந்து 4000 வரை முழுதாக மிதித்துப் பதிவு செய்தோம். அதற்கு மேல் போகத் தேவையில்லை; வேக வரம்பையும் மீற வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு வண்டியின் சுமை மாறும் என்பதால், ஒப்பிடப் போகும் எல்லாப் பதிவுகளையும் ஒரே திசையில் எடுப்பது என் வழக்கம்.

பதிவில் பார்க்க வேண்டியவை இரண்டு கோடுகள்: வண்டியின் கணினி கேட்ட அழுத்தம், உண்மையில் வந்த அழுத்தம். என் அனுபவத்தில் பூஸ்ட் தொடர்பான எந்தப் புகாரையும் இந்த இரண்டு கோடுகளும் பாதியாகச் சுருக்கிவிடுகின்றன. அக்கினி நட்சத்திர வெயிலில் உள்ளே போகும் காற்று மிகவும் சூடாக இருந்தால், என்ஜினைக் காப்பாற்றக் கணினியே குறைவாகக் கேட்கும். அப்போது இரண்டு கோடுகளும் சேர்ந்தே தாழும். இழுவை குறைந்தது உண்மைதான், ஆனால் தேட வேண்டிய இடம் டர்போ அல்ல; இன்டர்கூலரின் முன்புறம் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டது மேலே நிற்க வந்தது மட்டும் கீழே கிடந்தால்தான் காற்று கசிகிறது, அல்லது உற்பத்தியாகவில்லை என்று பொருள். எங்கள் பதிவில் என்ஜின் அதிகம் சூடாகாதபோது இரண்டும் ஒட்டி ஓடின; நன்கு சூடேறிய பிறகு கேட்டது 1.6 பார், வந்தது 1.3ஐத் தாண்டவில்லை.

அதைவிட முக்கியமான செய்தி மூன்றாவது கோட்டில் இருந்தது. புகையை டர்போவின் சக்கரத்துக்கு அனுப்பாமல் பக்கவழியாக விடும் கதவுதான் வேஸ்ட்கேட்; அதை எவ்வளவு மூட வேண்டும் என்று கணினி கொடுக்கும் கட்டளையின் அளவு அது. வண்டி நன்றாக ஓடியது என்று நாங்கள் நினைத்த பதிவிலும் அந்தக் கட்டளை வழக்கத்தைவிட உயர்ந்தே இருந்தது. அதாவது குறை சூட்டில் புதிதாகப் பிறக்கவில்லை. அது எப்போதும் இருந்திருக்கிறது. கணினி வேஸ்ட்கேட்டை இன்னும் இன்னும் மூடச் சொல்லி ஈடு கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. ஈடு கட்ட இனி இடமில்லை என்ற நிலையில்தான் விளக்கு எரிந்தது. இன்றைய வண்டிகளில் குறை தொடங்கும் நாளும் விளக்கு எரியும் நாளும் ஒன்றல்ல.

காற்றுப் பாதையை அடுத்துச் சோதித்தோம். ஏர் ஃபில்டரில் காற்றாலைப் பகுதிப் புழுதி படிந்திருந்தது, ஆனால் அடைக்கும் அளவுக்கு இல்லை. டர்போவுக்குக் காற்று நுழையும் வாய்களை மூடி, கம்ப்ரசரில் ரெகுலேட்டர் வைத்து மெல்ல அரை பார் வரை அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். இந்தச் சோதனையில் ஆயில் மூடிப் பக்கம் சீறல் கேட்டால் பதற வேண்டாம். திறந்திருக்கும் வால்வு வழியாகவும் பிஸ்டன் ரிங் இடைவெளி வழியாகவும் கொஞ்சம் காற்று கிராங்க் பெட்டிக்குள் போகத்தான் செய்யும். குமிழி வரக்கூடாத இடங்கள் இன்டர்கூலர் முனைகள், பிளாஸ்டிக் பைப்பின் இணைப்பு, த்ராட்டில் மூடும்போது மிகும் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வுகள். எங்கும் குமிழி வரவில்லை.

கசிவு இல்லையென்றால் உற்பத்தியில்தான் குறை. "அப்போ டர்போதான் அண்ணாச்சி" என்றான் உதவியாளர். அப்படி முடிவு கட்டுவதற்கு முன் வேஸ்ட்கேட் இருக்கிறது. லாரிகளில் நாம் பழகிய எளிய வேஸ்ட்கேட்டை ஸ்பிரிங் மூடி வைத்திருக்கும், பூஸ்ட் அழுத்தம் வந்து திறக்கும். அங்கே சிறிய ஹோஸ் கிழிந்தால் திறப்பதற்கு ஆளில்லாமல் பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறும். இந்தக் காரில் எல்லாம் தலைகீழ். சும்மா இருக்கும்போது வேஸ்ட்கேட் திறந்தே கிடக்கும். வாக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) இழுத்தால்தான் மூடும். எனவே இங்கே அதே போன்ற ஹோஸ் கிழிந்தால் புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றாமல் பக்கவழியாக ஓடிவிடும், பூஸ்ட் குறையும். லாரிப் பட்டறையில் கற்ற பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், வாக்குவம் ஹோஸைச் சந்தேகிக்கவே தோன்றாது.

மடையில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு மோட்டாராகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கை வாக்குவம் பம்ப்பை வாக்குவத்தைக் கட்டுப்படுத்தும் முன்பக்கச் சொலினாய்டிலிருந்து, வேஸ்ட்கேட் தண்டை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸில் மாட்டி இழுத்தேன். தண்டு அசைந்து மூடியது. பம்ப்பின் அளவுமானி முள் நின்ற இடத்திலேயே நின்றது. பின்பக்கத்தில் அதே போல் இழுத்தபோது தண்டு அசைந்தது, ஆனால் முள் மெல்ல மெல்ல இறங்கியது. இந்த இடத்தில் ஆக்சுவேட்டர் டயாஃபிரம் (உள்ளிருக்கும் ஜவ்வு) ஓட்டை என்று சொல்லி டர்போவை இறக்கியிருக்க முடியும். ஆக்சுவேட்டர் டர்போவோடு சேர்ந்த பாகம். அதற்காகக் கீழே சப்ஃபிரேம் வரை இறக்கும் பெரிய வேலை. ஆனால் நடுவில் ஹோஸ் ஒன்று இருக்கிறதே. அதை விலக்கி, வேறு புதுக் குழாய் வழியாக ஆக்சுவேட்டரில் நேரடியாக இழுத்தேன். முள் அசையாமல் நின்றது.

பழைய ஹோஸை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது மேலே ஒன்றும் தெரியவில்லை. என்ஜினின் பின்கோடியில், தடுப்புச் சுவருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஆண்டுக்கணக்காக வெந்த ரப்பர் அது. விரல்களுக்கு நடுவே வைத்து வளைத்தபோதுதான், நிப்பிளில் ஏறும் முனையிலிருந்து நகக் கீறல் போன்ற வெடிப்பு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. குளிர்ந்தபோது ரப்பர் விறைப்பாக நிப்பிளைப் பிடித்துக்கொள்ளும், கசிவு கொஞ்சம். சூட்டில் தளர்ந்து வெடிப்பு விரியும், கசிவு பெருகும். நான்குவழிச் சாலையில் மட்டும் வந்த புகாருக்கு விளக்கம் அந்தக் கீறலில் இருந்தது.

இரண்டு பக்கத்து வாக்குவம் ஹோஸ்களையும் சூடு தாங்கும் தரத்தில் புதிதாக மாற்றினோம். ஒரு பக்கம் வெந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான், ஒன்றை மட்டும் மாற்றுவது சரியல்ல. வாக்குவத்துக்குப் போடும் குழாய் உள்ளே ஒடுங்கிவிடாத தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும். கண்ணாடித் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடுவது கூடாது. அதே சாலையில், அதே கியரில், நன்கு சூடேற்றிப் பதிவெடுத்தோம். கேட்ட கோடும் வந்த கோடும் ஒட்டி ஓடின. அதைவிட எனக்கு நிம்மதி தந்தது, வேஸ்ட்கேட் கட்டளை கீழே இறங்கியிருந்ததுதான். அது இறங்காமல் பூஸ்ட் மட்டும் சரியாகியிருந்தால் வண்டியை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது அவரிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். என்ஜின் சும்மா ஓடும்போது பின்பக்க வேஸ்ட்கேட் தண்டில் மெல்லிய கிலுகிலுப்பு கேட்கிறது. புஷ் தேயத் தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு வேஸ்ட்கேட் முழுதாக மூடுவதால் பூஸ்டுக்குப் பாதகமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே பதிவை எடுத்து, அந்த மூன்றாவது கோடு மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்போம். ஏறினால் அப்போது டர்போவைப் பற்றிப் பேசலாம் என்றேன். "சரி அண்ணாச்சி, தைப்பொங்கல் கழிச்சு வாரேன்" என்று சொல்லிப் புறப்பட்டார். இரண்டு பதிவுகளையும் அவர் வண்டி எண்ணின் பெயரில் கணினியில் சேமித்து வைத்திருக்கிறோம்.