தொழில் கட்டத்தில் ஒரு சைபர்

"அப்போ அந்த நிலத்தை யாரு உழுதாங்கக்கா?"

இதைக் கேட்ட பெண் வேறு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வருகிறது.

1427-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் அரசு தன் ஆட்சிக்கு உட்பட்ட குடும்பங்களை எல்லாம் வரிக்காகக் கணக்கெடுத்ததே, கத்தாஸ்தோ, அதன் கிராமப்புறப் பக்கங்கள்தான் எங்களுக்கு வந்த வேலை. மொத்தம் ஏறக்குறைய 60,000 குடும்பங்கள், இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆட்கள். எங்களுக்கு வந்தது அதில் ஒரு துண்டு. பழைய கையெழுத்தை அங்கேயே படித்து, தட்டெழுதி அனுப்பிவிடுவார்கள். நாங்கள் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு வரியாக்கி வயது, சொத்து, கடன், தொழில் என்று கட்டத்துக்குக் கட்டம் எண் போட வேண்டும். அவள் போடுவாள், நான் சரிபார்ப்பேன்.

அந்த வரி ஒரு விதவையுடையது. 'டோன்னா ஃபூ டி' என்று ஆரம்பித்து கணவன் பெயர் வரும். இன்னாருக்கு மனைவியாக இருந்தவள் என்று அர்த்தம். வயது 38. பிள்ளைகள் இரண்டு, 9 வயதும் 6 வயதும். சொந்தமாகக் கொஞ்சம் திராட்சைக்கொடி. அது போக, நகரத்துக்காரர் ஒருவரின் நிலத்தில் சரிபாதி வாரம், அதாவது விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி இவளுக்கு. தொழில் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. என்னோடு வேலை செய்த அந்தப் பெண் தொழில் கட்டத்தில் வாரத்துக்குப் பயிரிடுபவர் என்பதற்கான எண்ணைப் போட்டிருந்தாள். நான் அதை அழித்து 0 போட்டேன். எங்கள் பட்டியலில் 0 என்றால் 'தொழில் குறிப்பிடப்படவில்லை'.

அப்போதுதான் கேட்டாள். நான் சொன்னேன், "கொழுந்தன் யாராவது உழுதிருக்கலாம். இல்லைன்னா கூலிக்கு ஆள் வெச்சிருப்பாங்க."

"அப்படி எழுதியிருக்கா?"

"இல்லை. ஆனா அவதான் உழுதான்னும் எழுதலையே."

"ரெண்டுமே எழுதலைன்னா, ஒண்ணை மட்டும் எப்படிக்கா ஊகிக்கிறீங்க?"

நான் ஊகிக்கவில்லை, அதனால்தான் சைபர் போட்டேன் என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, கோபம் இல்லை.

நான் சொன்னது தப்பில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். கொழுந்தன் என்று நான் சொன்னதும் காற்றிலிருந்து எடுத்தது இல்லை. ஃப்ளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனியில் மெட்ஸாட்ரியா என்ற வார முறையில், நிலச் சொந்தக்காரர் ஒரு முழுப் பண்ணையை, வீடும் நிலமுமாக, ஒரு குடும்பத்திடம் விடுவார். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி குடும்பத்துக்கு. ஒப்பந்தம் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குத்தான். ஆகவே அவர் பார்ப்பது கைகளை. அந்த வீட்டில் உழ, வெட்ட, சுமக்க எத்தனை ஆண்பிள்ளைகள்? வளர்ந்த ஆண் இல்லாத வீட்டுக்குப் பண்ணை கிடைப்பது கஷ்டம். புருஷன் செத்தால், ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே போக வேண்டியதுதான். விதவைகள் நகரத்தில் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதே 1427 கணக்கில் ஃப்ளோரன்ஸ் நகரத்தின் வயதுவந்த பெண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் விதவை. அங்கே நூல் நூற்றார்கள், வீட்டு வேலைக்குப் போனார்கள். இவ்வளவும் தெரிந்துதான் பேசினேன்.

ஆனால் இவள் போகவில்லையே. நிலத்தில் இருக்கிறாள், பாதி வாரத்தைத் தன் பெயரில் சொல்லியிருக்கிறாள். பொதுவாக விதவைகளுக்கு என்ன நடந்தது என்பதை வைத்து, கண்முன் இருந்த இந்த ஒருத்தியை நான் ஒதுக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது.

இரண்டு வாரம் கழித்து வேறு எதற்கோ விதிமுறைத் தாளைப் புரட்டினேன். நாலாவது பக்கத்தில் ஒரு வரி. கிராமத்தில் நிலம் உள்ள ஆண் குடும்பத் தலைவர், தொழில் எழுதியிருக்காவிட்டால், பயிரிடுபவர் என்று கொள்க.

அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதன்படி நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு எண் போட்டிருக்கிறேன், போட்டதைச் சரிபார்த்திருக்கிறேன். அந்த ஆண்களில் பலருக்கும் மூலத்தில் தொழில் எழுதியிருக்கவில்லை. நாட்டுப்புறத்தில் தொழிலைத் தனியாக எழுதுவதே அபூர்வம், எல்லோரும் செய்வது அதுதானே. ஆக, ஆண் ஒன்றும் சொல்லாவிட்டால் அவன் உழுதான். இவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் சைபர். மூலத்தில் இல்லாததைச் சேர்க்காதே என்று அவளிடம் சொன்ன நான், அன்று காலையில் மட்டும் முப்பது பேருக்கு அதைச் சேர்த்திருந்தேன்.

விதியை எழுதியது நானில்லை, சரி. ஆனால் அவள் கேட்டபோது அந்த விதி எனக்கு ஞாபகம்கூட வரவில்லை. அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது எனக்கு.

மேலே எழுதிக் கேட்டிருக்கலாம். அன்றைய எண்ணிக்கை முடிய வேண்டும் என்ற அவசரம் உண்மைதான், ஆனால் ஒரு மின்னஞ்சலுக்கு ஐந்து நிமிடம் போதும். கேட்பதற்கு விஷயமும் இருந்தது. நகரத்துக்காரர்கள் தங்கள் பண்ணைகளைச் சொல்லும்போது, அதை யார் பயிரிடுகிறார் என்று பெயரோடு சொல்வது வழக்கம். அந்தச் சொந்தக்காரரின் தாள் நகரத்துத் தொகுதியில் இருந்திருக்கும். அதில் இவள் பெயர் இருந்ததா?

இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவாகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஃப்ளோரன்ஸ் சட்டப்படி ஒரு பெண் ஒப்பந்தம் செய்ய, முண்டுவால்டோ என்று ஓர் ஆண் பக்கத்தில் நின்று சம்மதிக்க வேண்டும். தாளில் கொழுந்தன் பெயர் இருந்தாலும் வயலில் நின்றது இவளாக இருக்கலாம். இப்படி யோசித்தால் நியாயமாகத் தெரிகிறது. கேட்காமல் விட்டதற்குப் பிறகு தேடிப்பிடித்த நியாயம் என்பதும் தெரிகிறது.

கத்தாஸ்தோவும் வேலையைத் தேடி வந்த கணக்கு இல்லை. 7 ஃப்ளோரின் (அவர்கள் தங்க நாணயம்) வருமானம் வந்தால் நிலத்தின் மதிப்பு 100 ஃப்ளோரின் என்று சொத்தின் மதிப்பைக் கண்டுபிடிப்பதுதான் அதிகாரிகளின் நோக்கம். யார் வியர்வை சிந்தினார்கள் என்று அவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்? பதில் சொன்னவர்களும் வரி குறைய வேண்டும் என்றுதான் சொன்னார்கள். வயதானவள், நோயாளி, சின்னப் பிள்ளைகள், கதியில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். அத்தனையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நான்தான் உழுகிறேன் என்று ஒரு விதவை வரிக்காரனிடம் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு என்ன லாபம்?

பிறகு எங்களுக்குச் சுருக்க அட்டவணை ஒன்று வந்தது. 'குறிப்பிடப்படவில்லை' என்ற சைபர்கள் அதில் 'தொழில் இல்லை' என்ற தலைப்பின் கீழ் போயிருந்தன. அதைச் செய்தது நாங்களில்லை. படித்துவிட்டு மூடிவைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் அன்றே காட்டியிருக்க வேண்டும். அவள் அப்போது எனக்கு நாலு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் பழைய கோப்புகளைத் தரம் பிரிக்கும்போது அந்த வரியை மறுபடி திறந்தேன். தொழில் கட்டத்தில் என் சைபர். நாலு கட்டம் தள்ளி, கடன். நிலச் சொந்தக்காரருக்குத் தர வேண்டியது, மாட்டுக்காக. உழவு மாட்டைச் சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொள்வது அந்த வாரமுறையில் சகஜம். கடன் அவள் பெயரில் இருந்தது. அதையும் சரிபார்த்து டிக் போட்டிருந்தது நான்தான், அதே நாளில்.

புருஷன் வாங்கிய கடனாக இருக்கலாம், அவன் போன பிறகு இவள் தலையில் விழுந்திருக்கலாம். இருக்கலாம்தான். அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருக்கிறது. மாட்டைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை எடுத்தேன், இன்னும் கூப்பிடவில்லை.