தியானத்தில் கண் சொருகும்போது

மூச்சைக் கவனிக்க உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தலை மெல்லச் சாயும், திடுக்கிட்டு நிமிர்வோம், மறுபடி சாயும். "நமக்குத் தியானம் ஒத்துவராது" என்று பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வருத்தமான விஷயம். புத்தரின் தலைமைச் சீடர்கள் இருவரில் ஒருவரான மொக்கல்லானரே இப்படித் தூங்கி வழிந்தவர்தான். மகத நாட்டுக் கிராமம் ஒன்றில் அவர் உட்கார்ந்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்ததையும், அவருக்குப் புத்தர் சொன்ன மருந்துகளையும், புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் வரிசையாகச் சொல்கிறது.

இந்த நூல்களின் மொழியான பாலியில் இந்தத் தூக்க மந்தத்தின் பெயர் தீனமித்தம். மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளில் மூன்றாவது. பாசி மூடிய தண்ணீரில் முகம் தெரியாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட உவமை. எத்தனை பொருத்தம்! தூங்கிவிடவும் இல்லை, எதுவும் தெளிவாகத் தெரியவும் இல்லை.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, இன்னும் தளர்வாக, இன்னும் அமைதியாக இருக்க முயல்வது. மனம் மந்தமாக இருக்கும்போது அமைதியை வளர்ப்பது, அணையப்போகும் சிறு நெருப்பில் ஈரப்புல்லைப் போடுவதற்குச் சமம் என்கிறார் புத்தர். அப்போது வேண்டியவை ஆராய்ச்சி, முயற்சி, உவகை ஆகிய மூன்றும்தான். அமைதியும் சமநிலையும் மனம் பரபரக்கும் நேரத்துக்கான மருந்துகள்.

தலை விழும்வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே அடையாளங்கள் வந்துவிடும்: மூச்சின் தொடுகை மங்கும், எண்ணிக்கை தவறும், தொடர்பில்லாத கனவுத் துண்டுகள் மிதக்கும், முகவாய் தாழும். முகவாய் தாழ்ந்தவுடன் முதுகை நிமிர்த்துங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி மடித்த துணியை அடியில் வைத்தால் முதுகு கூனாது. மூச்சை எண்ணுங்கள். ஐந்துக்குக் குறையாமலும் பத்தைத் தாண்டாமலும் எண்ண வேண்டும் என்பது, பழைய பௌத்தத் தியான நூலான விசுத்திமக்கம் தரும் அளவு. பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் அடங்காவிட்டால் மொக்கல்லானருக்குச் சொன்ன வரிசைக்குப் போகலாம். எந்த எண்ணத்தில் இருந்தபோது மந்தம் வந்ததோ அதை முதலில் விட்டுவிட வேண்டும். பிறகு, கற்ற போதனை ஒன்றை மனத்துக்குள் அலசிப் பார்ப்பது. அடுத்து அதையே விரிவாக ஓதுவது. வாய்விட்டுச் சொன்னால் நல்ல பலன் உண்டு. அதன்பின் இரு காது மடல்களையும் இழுத்து, கைகால்களைத் தேய்ப்பது. இது மட்டும் எங்கும் உதவும்; வேலை நடுவே மதியத்தில் கண் செருகினாலும் செய்யலாம்.

இன்னும் போகவில்லையா? எழுந்து கண்களை நீரால் கழுவி, நாலா திசையும் பார்த்து, இரவானால் விண்மீன்களை அண்ணாந்து பார்க்கச் சொல்கிறார். அதற்கடுத்தது ஒளியை நினைப்பது: இரவையும் பகல்போல எண்ணி மனத்தை வெளிச்சமாக்குவது. விளக்கைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, அந்த வெளிச்சத்தை நினைவில் வைத்துப் பழகினால் எளிதாக வரும்.

பிறகு நடை. பதினைந்து இருபது அடி நீளப் பாதை போதும். முதலில் சாதாரண வேகத்தில் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, அப்புறம் பாதம் எழுவதையும் நகர்வதையும் பதிவதையும் கவனிக்கலாம். எடுத்த எடுப்பில் மிக மெதுவாக நடந்தால் நடந்துகொண்டே தூங்குவீர்கள். பாதையின் முனையில் ஒரு மூச்சு நின்று திரும்புங்கள். கவனம் நழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

வரிசையின் கடைசியில் இருப்பது, படுத்துவிடு என்பது. எனக்கு இந்தப் போதனையில் மிகவும் பிடித்த இடம் இது. உடம்புக்கு உண்மையிலேயே தூக்கம் பாக்கி இருந்தால் காதை இழுத்து என்ன ஆகும்? வலப்பக்கமாகச் சாய்ந்து, பாதத்தின் மேல் பாதம் வைத்து, எழ வேண்டிய நேரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, விழிப்புணர்வோடு கண்ணை மூடலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: விழிப்பு வந்ததும் புரண்டு படுக்காமல் உடனே எழுந்துவிட வேண்டும்.