டார்வின், வுல்ஃப் தீவுகளில் டைவிங்: நீரோட்டத்துக்குத் தயாராவது எப்படி

கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு மூலையில், மற்ற தீவுகளை விட்டு வெகுவாக விலகி, டார்வின், வுல்ஃப் என்று இரண்டு எரிமலை முகடுகள் கடலுக்கு மேல் தலை நீட்டி நிற்கின்றன. அங்கே குடியிருப்பு இல்லை, படகுத்துறை இல்லை, பயணிகள் கரையில் இறங்கவும் முடியாது. லைவ்போர்டு படகு (டைவர்கள் நாள்கணக்கில் தங்கிப் பயணிக்கும் படகு) இரவு முழுக்க ஓடித்தான் போய்ச் சேரும். ஒரு ஹெக்டேர் கடலில் உள்ள சுறாக்களின் மொத்த எடையைக் கணக்கிட்டு, உலகிலேயே அதிகம் இங்கேதான் என்று 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. அங்கே டைவ் செய்யும் எவருக்கும் அந்த முடிவு வியப்பைத் தராது.

சுறாக்களைக் கூட்டி வருவது நீரோட்டம். ஆழ்கடலிலிருந்து நேராக எழும் பாறையில் ஓட்டம் மோதி இரண்டாகப் பிரியும் முனையில்தான் மீன் குவியும், கொம்பன் சுறாக் (ஹாமர்ஹெட்) கூட்டமும் அங்கேதான் சுற்றும். வழிகாட்டி உங்களை இறக்குவதும் அதே இடத்தில். ஓட்டம் இல்லாத நாளில் டைவ் சுலபம், பார்க்க அதிகம் இருக்காது. ஆகவே இந்தப் பயணத்துக்கான தயாரிப்பு முழுவதும் ஓட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றியதுதான்.

பருவம் இரண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை குளிர், அலை, மூடுபனி. திமிங்கலச் சுறாக்கள் வருவதும் அப்போதுதான். பெரும்பாலும் பத்து மீட்டரைத் தாண்டிய பெண் சுறாக்கள். அவற்றுக்காகவே போவதென்றால் ஆகஸ்ட், செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் முதல் மே வரை கடல் அமைதி, தண்ணீர் 25 டிகிரிக்கு மேல், கொம்பன் சுறாவும் கிடைக்கும். கடலில் வாந்தி வருபவர்களுக்கு இந்தப் பருவமே நல்லது.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ 3 மில்லிமீட்டர் வெட்சூட்டோடு கற்றவர்கள் இடறும் முதல் இடம், மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடை. குளிர்ப் பருவத்தில் 7 மில்லிமீட்டர் சூட்டும் ஹூட்டும் வேண்டும். அந்தத் தடிமன் மேற்பரப்பில் உங்களைத் தூக்கும், 20 மீட்டரில் நசுங்கி மிதப்பை இழக்கும். பழைய கணக்கில் சில கிலோவைக் குத்துமதிப்பாகக் கூட்டாதீர்கள். முதல் நாள் நடக்கும் சோதனை டைவின் முடிவில், டேங்கில் 50 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது, 5 மீட்டரில் பிசிடியை, அதாவது மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையை, காலி செய்து பாருங்கள். மேலே போகாமல் நிற்க முடிந்தால் எடை சரி. டைவ் தொடங்கும்போது சோதித்தால் ஏமாந்துபோவீர்கள்: அலுமினிய டேங்க் காற்று தீரத்தீர ஏறக்குறைய 2 கிலோ லேசாகும்.

அடுத்தது இறங்கும் முறை. பங்கா எனப்படும் ரப்பர் படகிலிருந்து எல்லோரும் ஒரே எண்ணிக்கைக்கு முதுகுப்புறமாகச் சாய்ந்து, மேலே மிதக்காமல் நேராகக் கீழே போக வேண்டும். மேற்பரப்பில் அரை நிமிடம் தாமதித்தாலே ஓட்டம் உங்களைப் பாறையைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படி ஆகாமலிருக்க, படகில் உட்கார்ந்திருக்கும்போதே பிசிடியிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்; பொத்தானை அழுத்துவதோடு நிறுத்தாமல் ஊதுகுழாய் வழியாக வாயால் உறிஞ்சிக் காலி செய்யுங்கள். காதை ஒருமுறை சமன் செய்துகொள்ளுங்கள். நீரில் விழுந்ததும் மூச்சை வெளியே விட்டு, தலையைக் கீழாக்கி, ஃபின் அடியுங்கள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சாயாதீர்கள். படகோட்டி பின்னால் நீட்டித் தருவார்; ஓட்டம் கடுமையாக இருந்தால் அந்த டைவுக்குக் கேமராவே வேண்டாம்.

இந்த முறையில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய தவறு, மூடிய டேங்க் வால்வு. பிசிடி காலி, உடலில் எடை, குழாயில் எஞ்சிய காற்று ஓரிரு மூச்சுக்கு மட்டும். மீட்டரில் 200 பார் தெரிவதை நம்பாதீர்கள். திறந்துவிட்டு மூடிய வால்விலும் முள் அங்கேயே நிற்கும். முள்ளைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் (வாயில் வைத்து மூச்சு இழுக்கும் கருவி) நான்கு முறை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் அசைந்தால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. வேறொருவர் திறந்து கொடுத்திருந்தாலும் ஒவ்வொரு டைவுக்கும் இதைச் செய்யுங்கள்.

டார்வின் தீவருகே கடலில் நின்ற டார்வின் வளைவுப் பாறை 2021 மே 17 அன்று சரிந்தது. இப்போது மிச்சமிருப்பவை இரண்டு தூண்கள். டைவ் செய்யும் இடம் இன்றும் அதுவே. சுமார் 15 முதல் 20 மீட்டரில் பாறைகள் குவிந்த திட்டில் பிடித்துக்கொண்டு, நீலத்தை, அதாவது திறந்த கடலை, பார்த்தபடி காத்திருக்க வேண்டும். எரிமலைப் பாறை முழுக்கக் கொட்டலசு. வெறுங்கை கிழிந்துவிடும், தடித்த கையுறை கட்டாயம். பிடிப்பதற்கு முன் இடுக்கைப் பாருங்கள், பாதி இடுக்குகளில் அஞ்சாலை இருக்கும். தளர்ந்த கல்லைப் பிடித்தால் கல்லோடு நீங்களும் போவீர்கள். கொம்பன் சுறாவுக்குக் குமிழிச் சத்தம் பிடிக்காது. தாழ்ந்து, பாறையோடு ஒட்டி, மெதுவாக மூச்சு விட்டால் கூட்டம் நெருங்கி வரும். ஒருவர் துரத்தினால் அந்த டைவ் எல்லோருக்கும் முடிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அடக்கமாக இருக்கத் தெரியாதவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

திமிங்கலச் சுறா வந்தால் வழிகாட்டி டேங்கைத் தட்டுவார். பாறையை விட்டு நீலத்துக்குள் நீந்த வேண்டும். காற்றுக் கணக்கு இங்கேதான் குலையும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவருக்கு 25 மீட்டரில் 70 லிட்டர் ஆகும். 11 லிட்டர் டேங்கில் 200 பார் என்றால் சுமார் 2,200 லிட்டர். 70 பாரை மிச்சம் வைத்தால் பாறையில் சும்மா இருக்க 20 நிமிடம் கிடைக்கும். ஓட்டத்தை எதிர்த்து ஃபின் அடித்தால் அது பத்தாகச் சுருங்கும். சுறா போன பிறகு பாறைக்குத் திரும்ப முயலாதீர்கள், முடியாது. கூடி நின்று, நீலத்திலேயே மேலேறுங்கள்.

சுவர் ஓரத்தில் கீழிழுக்கும் ஓட்டமும் உண்டு. உங்கள் குமிழிகள் மேலே போகாமல் கீழே சுழன்றால் அதுதான் அடையாளம். பாறை கைக்கு எட்டினால் பிடித்து ஏறுங்கள். எட்டாவிட்டால் சுவரை விட்டு வெளிப்பக்கமாக நீந்துங்கள். பிசிடியில் காற்றடித்தால், ஓட்டம் விட்ட நொடியில் அதை வெளியேற்ற விரல் தயாராக இருக்கட்டும்.

இங்கே பெரிய ஆபத்து, மேலே வந்தபின் யார் கண்ணிலும் படாமல் போவது. அலைகளுக்கு நடுவே ஒரு தலை நூறு மீட்டரில்கூடத் தெரியாது. ஒவ்வொருவரிடமும் குறைந்தது ஒன்றரை மீட்டர் நீள எஸ்எம்பி (காற்று நிரப்பி மேலே அனுப்பும் அடையாளக் குழல்), கயிற்றுச் சுருள், விசில், சிறு விளக்கு இருக்க வேண்டும். ரேடியோ அல்லது ஜிபிஎஸ் கருவி பல படகுகளில் தருவார்கள். முதல் நாளே இயக்கிப் பாருங்கள். எஸ்எம்பியை 10 மீட்டரில் விடுங்கள். அங்கே பாதி நிரப்பினாலே மேலே முழுதாகும், ஏனென்றால் அழுத்தம் பாதியாகிக் காற்று இரட்டிப்பாகும். சுருளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், பிசிடியில் ஒருபோதும் மாட்டாதீர்கள். கயிறு சிக்கினால் சுருளைக் கைவிட்டுவிடலாம். மாட்டியிருந்தால் அது உங்களையும் சேர்த்து மேலே இழுக்கும். ஊரிலேயே நீச்சல் குளத்தில் கையுறையோடு பழகிக்கொண்டு போங்கள்.

நைட்ராக்ஸ் 32 (ஆக்சிஜனை 32 சதவீதமாகக் கூட்டிய காற்று) சான்றிதழ் இல்லாமல் போகாதீர்கள். டார்வினில் ஒரே நாளில் மூன்று, நான்கு டைவ் நடக்கும். 30 மீட்டரில் அந்தக் கலவை, சாதாரணக் காற்றில் 24, 25 மீட்டருக்கு உண்டான நைட்ரஜன் சுமையைத்தான் தரும். அந்த லாபத்தை நேரம் நீட்டச் செலவழிக்காமல் பாதுகாப்புக்கு விட்டுவையுங்கள்: உடலில் நைட்ரஜன் குமிழி கட்டினால் போக வேண்டிய உயர்அழுத்தச் சிகிச்சை அறை சாந்தா குரூஸ் தீவின் புவெர்ட்டோ அயோராவில் இருக்கிறது, படகில் அரை நாளுக்கும் மேல். காப்பீடு எடுக்கும்போது அந்தச் சிகிச்சையும் அங்கே கொண்டுசேர்க்கும் செலவும் அதில் உண்டா என்று வரிவரியாகப் பாருங்கள்.

பல படகுகள் திரும்பும் வழியில் மேற்குப் பக்கம் போகும். குரோம்வெல் அடியோட்டம் இசபெலா, ஃபெர்னாண்டினா தீவுகளில் மோதி மேலெழுவதால் தண்ணீர் 16, 18 டிகிரிக்கு இறங்கும். புந்தா விசென்தே ரோக்காவில் மோலா மோலா (சூரிய மீன்), காபோ டக்ளஸில் பாசி மேயும் கடல் இகுவானா. இகுவானா மேய்வது ஆழமில்லாத இடம், அலை முன்னும் பின்னும் தள்ளும். அங்கே ஓரிரு கிலோ எடை கூடுதலாக வேண்டும்.

செலவில் மறந்துபோகும் இரண்டு: வெளிநாட்டுப் பயணிக்குத் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர், விமான நிலையத்தில் 20 டாலர் கட்டுப்பாட்டு அட்டை. ரொக்கமாக வைத்திருங்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விடுங்கள். ரெகுலேட்டரைக் கிளம்பும் வாரத்தில் சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதம் முன்னதாகவே கொடுத்து, நீங்களே ஓரிரு டைவ் செய்து பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். சர்வீஸ் முடிந்த உடனே தலைகாட்டும் கசிவை அவ்வளவு தூரத்தில் சரிசெய்ய, படகில் இருக்கும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பெட்டியை விட்டால் வேறு வழி கிடையாது.