அண்ணி ஏன் வரவில்லை?

அந்த வசனம் நாலே சொல். "அண்ணி எனக்காக என்ன செஞ்சாங்க?" எழுதியது நான். அப்படி ஒரு வசனம் வேண்டும் என்று முடிவானது கதை விவாதத்தில். ஒளிபரப்பாகி முடிந்து, அந்த சீரியலும் முடிந்துவிட்டது. இருந்தாலும் புது சீரியலுக்கு வசனம் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நாலு சொல் வந்து நிற்கிறது.

அந்த வசனத்தைச் சொன்ன பெண், அதற்கு முன்னால் ஓடிய பழைய சீரியலில் கதாநாயகியின் நாத்தனார். அண்ணியும் நாத்தனாரும் என்றாலே சண்டை என்று பழகிப்போன இடத்தில், இவர்கள் இருவரும் பாசமாக இருந்தார்கள். காலேஜ் ஃபீஸ் கட்ட அண்ணி தன் வளையலை அடகு வைத்துவிட்டு, புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று கவரிங் வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஒருநாள் அது கறுத்துப்போய், நாத்தனார் கண்ணில் படும். அந்த ஒரு காட்சிக்காகவே ஜனங்கள் இந்த ஜோடியைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அதை நம்பித்தான் சேனல், நாத்தனார் கல்யாணமாகித் திருச்சிக்குப் போனபின் நடக்கும் கதையைத் தனி சீரியலாகக் கேட்டது. அதற்குள் அண்ணியாக நடித்தவர் வேறு சேனலுக்குப் போய்விட்டார். டேட் இல்லை.

"இனி இவருக்குப் பதில் இவர்" என்று போட்டுவிடலாமா என்ற பேச்சு வந்தது. அந்த முகத்துக்காகத்தான் பார்த்தார்கள், வேறு முகம் எடுபடாது என்று அதை விட்டார்கள். படத்துக்கு மாலை போட்டுவிடலாம் என்றார் ஒருவர். சேனல் ஒத்துக்கொள்ளவில்லை. மிஞ்சியது, இருவருக்கும் சண்டை என்று வைப்பது.

நான் சொன்னேன், "போன்ல பேசிக்கட்டும் சார். குரல்கூட வேண்டாம், இவ மட்டும் பேசினா போதும்."

திரைக்கதை எழுதும் சீனியர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, தினமும் போன்ல பேசுறவ வளைகாப்புக்கு வரமாட்டாளா? மதுரைதானே? மூணு மணி நேர பஸ்ஸு."

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. தினமும் ஓடுகிற குடும்பக் கதைக்கு விசேஷங்கள்தான் தூண். நிச்சயம், வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எது வந்தாலும் பிறந்த வீட்டிலிருந்து யார் வந்தார்கள், என்ன சீர் கொண்டுவந்தார்கள் என்பதில்தான் கதை நகரும். அங்கே வளர்த்த அண்ணி வராமல் இருப்பது சும்மா விட்டுவிடுகிற விஷயம் இல்லை.

அமெரிக்கத் தொடர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. 'சியர்ஸ்' தொடரில் பாஸ்டன் மதுக்கடைக்கு வந்து உட்காரும் மனநல மருத்துவர் ஃப்ரேசியரை, 1993-இல் தனித் தொடராக்கும்போது சியாட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். நடுவில் ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். பழைய நண்பர்கள் ஏன் வரவில்லை என்று எவரும் கேட்கப்போவதில்லை. அவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தன் அப்பா செத்துப்போய்விட்டார், அவர் ஒரு விஞ்ஞானி என்று பழைய தொடரில் ஃப்ரேசியர் சொல்லியிருந்தார். புதுத் தொடரிலோ அப்பாதான் முக்கியப் பாத்திரம், ஓய்வுபெற்ற போலீஸ்காரர். 1995-இல் பழைய நண்பர் சாம் விருந்தாளியாக வரும் எபிசோடில் அதை நேராகவே கேட்க வைத்தார்கள். அப்போது அப்பாவோடு எனக்குச் சண்டை, அதனால் அப்படிச் சொன்னேன் என்கிறார் ஃப்ரேசியர். முரணாக நின்றது, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் எவ்வளவு கசப்பு இருந்தது என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

ஷூட்டிங் வீட்டுச் சமையலறையில் நாத்தனாராக நடித்தவள் என்னைத் தனியே கூப்பிட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். லைட் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் ஸீன் பேப்பரோடு வந்தாள். "அக்கா, வளையலை வச்சு ஃபீஸ் கட்டினாங்களே, அது நடக்கவே இல்லையா? அந்த சீன்ல நான் கிளிசரின் போடாம அழுதேன்க்கா. இப்ப நான் எப்படி இதைச் சொல்றது?"

"நடந்ததும்மா. இவ கோபத்துல பொய் சொல்றா. அப்படி நினைச்சுச் சொல்லு. பின்னால இவளே வருத்தப்படுவா."

அவள் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தாள். "சரிக்கா" என்றாள். டேக்கில் மாமியாராக நடித்தவரின் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். நான் அப்படிப் பார்க்கச் சொல்லவில்லை, டைரக்டரும் சொல்லவில்லை. அதில்தான் பொய் தெரிந்தது. ஆனால் எடிட்டிங்கில் அந்த இடத்துக்கு மாமியாரின் குளோசப் போட்டார்கள். ப்ரோமோவில் அந்த வசனம் மட்டும் தனியாகத் திரும்பத் திரும்ப ஓடியது.

நான் அவளிடம் சொன்னது உண்மைதானா? சொல்லும்போது அப்படித்தான் நம்பினேன். வருத்தப்படும் காட்சிக்கு ஒரு வரைவுகூட எழுதி வைத்திருந்தேன். திண்டுக்கல்லில் இருக்கும் என் சித்தி போன் செய்து, "அந்தப் பொண்ணா அப்படிச் சொல்லுச்சு?" என்று கேட்டபோதும் அதையே சொன்னேன். "அப்ப எப்ப மன்னிப்புக் கேப்பா?" என்றாள் சித்தி. விவாதத்தில் ஒவ்வொரு வாரமும் நான் அதை எடுப்பேன். வியாழக்கிழமை, எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்கிற டிஆர்பி கணக்கு வந்ததும் வேறு கிளைக்கதையை முன்னால் இழுப்பார்கள். அப்புறம் சீரியலை மத்தியானத்துக்கு மாற்றினார்கள், அப்புறம் முடித்துவிட்டார்கள். ஃப்ரேசியருக்குக் கிடைத்த அந்த ஒரு எபிசோட் இவளுக்குக் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் கணக்கில் அவள் நன்றி கெட்டவளாகவே நின்றுவிட்டாள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஒரு உறவு இரண்டு பேருக்குச் சொந்தமானது. ஒப்பந்தத்தில் ஒருவர்தான் இருந்தால், இல்லாதவர்மேல் பழி போடுவது செலவில்லாத வழி. ஆறு நண்பர்களின் கதையான 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் முடிந்ததும், அவர்களில் ஒருவனை மட்டும் வைத்து 2004-இல் வந்த 'ஜோயி' இன்னொரு வழியைப் பார்த்தது. பழைய நண்பர்கள் ஐந்து பேரில் ஒருவரும் அதில் தலைகாட்டவில்லை, கதை அவர்களைத் தேடவும் இல்லை. பத்து வருடம் ஒரே சோபாவில் கிடந்தவனுக்கு அவர்கள் இல்லாத குறையே தெரியவில்லை என்றால், பார்க்கிறவர்களுக்கு அந்தப் பத்து வருடமே சந்தேகமாகிவிடும். அது இரண்டு சீசனோடு நின்றது. காரணம் இது மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

வசனம் எழுதுகிறவளாக எனக்குப் பொறாமை வருவது 'பெட்டர் கால் சால்' தொடரைப் பார்த்துத்தான். 'பிரேக்கிங் பேட்' தொடரில் வரும் சால் என்கிற வக்கீலின் முன்கதை அது. 2009-இல் அந்தப் பழைய தொடரில் சாலைக் கடத்திப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகும்போது, அவர் பயத்தில் இக்னேசியோ, லாலோ என்று இரண்டு பெயரை உளறுவார். போகிற போக்கில் வந்த வசனம். அந்த இரண்டு பெயரையும் பின்னால் 'பெட்டர் கால் சால்' தொடரில் ரத்தமும் சதையுமான ஆட்களாக்கி, அந்தப் பயத்துக்குக் காரணமும் கொடுத்தார்கள். பழைய வசனம் ஒன்றை நடந்த உண்மையாக மதிப்பது என்றால் அதுதான். நாங்களோ பார்த்து அழுத ஒரு காட்சியையே இல்லை என்று சொல்ல வைத்தோம்.

சண்டை வைத்ததை நான் இன்றும் தப்பு என்று நினைக்கவில்லை. சண்டை வரட்டும், செய்ததைச் செய்யவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே கோடு போட்டுக்கொள்கிறேன். உடனே, வீடுகளில் மனிதர்கள் சண்டை போடும்போது முதலில் சொல்வதே அதைத்தானே என்றும் தோன்றுகிறது. பாலூட்டி வளர்த்த அம்மாவிடமே "எனக்கு என்ன செஞ்ச?" என்று கேட்கிறோம். அப்படிப் பார்த்தால் அந்த வசனம் சரி, அதற்குப் பின்னால் வரவேண்டியது வராததுதான் பிரச்சினை.

இப்போது ஒரு வழி தோன்றுகிறது. சீர் போதவில்லை என்று புகுந்த வீட்டில் அண்ணியை அவமானப்படுத்துகிறார்கள். நாத்தனார் அண்ணியைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டு, "நான் கூப்பிடுற வரைக்கும் இந்த வாசப்படியை நீங்க மிதிக்கக் கூடாது அண்ணி" என்கிறாள். பாசமும் இருக்கும், அண்ணி வராததற்குக் காரணமும் இருக்கும், புது சீரியலுக்கு வேண்டிய பகையும் அங்கேயே கிடைக்கும். அண்ணியைக் காட்டக்கூட வேண்டாம், இவள் தெருமுனையிலிருந்து தனியாகத் திரும்பி வருவதைக் காட்டினால் போதும். சீனியரிடம் இதைச் சொன்னால் என்ன கேட்பார் என்றும் தெரியும். ஏழாம் மாதம் வளைகாப்பு வரும், அப்போது கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? அதற்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.