ஏழு தாளில் ஒன்று தேறியது

மூன்று வாரம், ஏழு தாள். ஒன்றே ஒன்றில்தான் அச்சின் மேடு தங்கியிருக்கிறது.

இவாமி ரெய்காவின் மரக்கட்டை அச்சுகளைப் பார்த்த நாளிலிருந்து பிடித்த கிறுக்கு இது. 1927இல் டோக்கியோவில் பிறந்தவர். 1956இல் யோஷிடா சிசுகோ முதலானவர்களோடு சேர்ந்து பெண் அச்சோவியர்களுக்கென்றே சங்கம் தொடங்கியவர். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலை அச்சைத் தெரியாத ஆள் கிடையாது. இவாமியின் பெயரைச் சொன்னால் உளி பிடிக்கிறவர்களே ‘யார் அது’ என்கிறார்கள். கடல் ஒதுக்கிய மரத்தின் ரேகையையே எடுத்து அச்சாக்கியவர். கறுப்பு, கொஞ்சம் தங்கத்தாள், அப்புறம் மையே படாத வெள்ளை மேடு. அந்த மேடுதான் என்னைப் படுத்தி எடுத்தது. மையில்லாமல் அழுத்தும் இந்த வேலைக்குக் கராசுரி என்று பெயர்.

கட்டையில் குறையில்லை. கரையில் பொறுக்கிய துண்டு. மென்மையான பகுதியைத் தண்ணீரே அரித்துவிட்டு, வைரம் பாய்ந்த ரேகையை நரம்பு மாதிரி நிறுத்தியிருந்தது. பிளைவுட்டைக் கம்பி பிரஷ்ஷால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் இந்த ஆழம் வராது. அடிப்பக்கத்தை இழைத்ததோடு சரி.

முதல் மூன்று தாள் என் மடத்தனம். மேட்டை முதலில் அழுத்தி எடுத்துவிட்டு அதற்குமேல் கறுப்பு அடித்தேன். பாரன் (தாளின் முதுகில் தேய்க்கும் வட்டத் தட்டு) போன இடமெல்லாம் அமுங்கிவிட்டது. கராசுரி கடைசியில்தான் வர வேண்டும் என்று தெரிந்தே செய்த தப்பு.

அடுத்த இரண்டும் கிழிந்தன. கோசோ (ஒருவகை மல்பெரி நாரில் செய்யும் ஜப்பானியக் காகிதம்) என்று சொல்லி ஒரு கடையில் தலையில் கட்டிவிட்டார்கள். ஈரம் பட்டதும் டிஷ்யூ போலப் பிரிந்தது. அசல் கோசோவின் ஓரத்தைக் கிழித்தால் நீள நீளமாக நார் தெரியும். கிழித்துப் பார்க்க விடாத கடைக்கு இனிப் போவதில்லை.

ஆறாவது அருமையாக வந்தது. இரவெல்லாம் ஈரக் காகிதங்களுக்கு நடுவில் இருந்த தாள். தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பாரன் பள்ளத்துக்குள் இறங்கவில்லை என்பதால், மெல்லிய துணி போட்டு முழங்கையால் அழுத்தினேன். பழைய அச்சுக்காரர்களும் முழங்கையைத்தான் நம்பினார்களாம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு ரேகைக்கும் ஒரு நிழல்! அந்தச் சந்தோஷத்தில், பழக்க தோஷம், அட்டைகளுக்கு நடுவில் வைத்து மேலே அகராதியை ஏற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் இஸ்திரி போட்ட வேட்டி.

ஏழாவதைக் கம்பளிமேல் போட்டு, ஓரங்களில் மட்டும் கனம் வைத்து, இரண்டு நாள் கிட்டேயே போகவில்லை. தங்கிவிட்டது. கீழ் மூலையில் ஒரு சுருக்கம், சட்டத்துக்குள் மறைந்துவிடும். கறுப்புதான் வெள்ளைக்குள் லேசாகக் கசிந்திருக்கிறது.

அதனால் அடுத்த தாளுக்கு முன்கூட்டியே தோசா பூசப் போகிறேன் (நம்ம தோசை இல்லை, வஜ்ஜிரப் பசையும் படிகாரமும் கலந்த கரைசல்). தங்கத்தாளுக்கும் சொல்லியாயிற்று. வஜ்ஜிரம் நேற்றிலிருந்து ஊறுகிறது. அதைக் காய்ச்சப் பால் பாத்திரத்தை எடுத்ததற்கு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.