சனிக்கிழமை விறாந்தை

சனிக்கிழமைகளில் கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில் நாலைந்து சட்ட மாணவர்கள் கூடுவார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னோடு சட்டம் படித்த சிலர் சேர்ந்து பஸ் காசும் புத்தகக் காசும் போடுகிறோம். அது லேசு. பக்கத்தில் இருந்து பழக்குவதுதான் வேலை.

போன கிழமை மாங்குளத்துப் பிள்ளை ஒருத்தி, செத்து இரண்டு மாதமான அம்மம்மாவின் காணிப் பெர்மிட்டை, அதாவது அரச காணிக்கான அனுமதிப் பத்திரத்தைக் கொண்டுவந்தாள். இடம்பெயர்ந்த காலமெல்லாம் சொப்பிங் பையில் சுற்றிக் காத்த தாள், மடிப்பில் கிழிந்திருந்தது.

"அக்கா, இதுக்குத் தேசவழமைதானே?"

இல்லை. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்; பெர்மிட் காணிக்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளர், அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணி சேரவேண்டியவர், பெயர் பதிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர் பதியப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்கவும் வேண்டும். இது தெரியாமல் தவித்த எத்தனை குடும்பங்களைப் பார்த்துவிட்டேன்!

பெயர் இருந்தது, அவள் அம்மாவுடையது. அந்த வரியில் விரலை வைத்தபடி பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பிரதேச செயலகத்துக்கான கடிதத்தை அவளையே எழுத விட்டேன். மூன்று இடத்தில்தான் திருத்தினேன்.

எனக்கு அந்த வயதில் இப்படித் திருத்தித் தர ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. வருகிற சனிக்கிழமை கடிதத்தின் பிரதியோடு அவள் அம்மாவும் வருகிறா.