ஸ்டாப் மோஷன் வேலைக்கு அலைந்த கதை

போன வாரம் பேங்க் மெசேஜ் வந்தது. மும்பையில் எடுத்த ஒரு விளம்பரத்துக்கு நான் செய்துகொடுத்த அணில் பொம்மைகளுக்கான மீதிப் பணம். பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படம் பிடித்து, தொடர்ச்சியாக ஓட்டி உயிர் கொடுக்கிற ஸ்டாப் மோஷனில் நான் பார்த்த முதல் கௌரவமான தொகை. பட்ட அலைச்சல் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன், இந்தப் பக்கம் வர நினைக்கிற நாலு பேருக்காவது பஸ் காசு மிச்சமாகட்டும்.

வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம், ஒரு நிலையை இரண்டு ஃபிரேம் பிடித்தால் 12 அசைவு, பத்து வினாடிக்கு 120 முறை பொம்மையைத் தொட வேண்டும். கணக்கு இவ்வளவுதான். நேராக வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

அமரான் பேட்டரியின் களிமண் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். சென்னையில் ஒரு இன்ஸ்டிட்யூட் பிரோஷரின் அட்டையிலேயே களிமண் பொம்மை சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். அட்மிஷன் கவுன்சிலர் மேடம் ஜில்லென்று தண்ணீர் கொடுத்துவிட்டு, "டூடி, த்ரீடி, ஸ்டாப் மோஷன் எல்லாமே கவர் ஆகிடும்மா, முடிச்சதும் நீங்க அனிமேட்டர்" என்றார். முதல் தவணை கட்டியாயிற்று. அப்புறம் பார்த்தால் ஸ்டாப் மோஷன் என்பது கடைசி செமஸ்டரில் ஒரு மாட்யூல். ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மேசைமேல் நகர்த்தி, செல்போனில் படம் எடுத்து அப்லோட் செய்தால் அந்த மாட்யூல் முடிந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் மாயா என்கிற த்ரீடி மென்பொருள் பாடம் எடுக்கும் சார்தான். பாவம், அவருக்கே அதில் விருப்பமில்லை.

கேட்கப் போனேன். ரிசப்ஷனில் அகடமிக் ஹெட்டைப் பாருங்கள் என்றார்கள். அவரோ, அட்மிஷனில் சொன்னதற்கு அட்மிஷன்தான் பொறுப்பு என்றார். அட்மிஷனில் போய்ப் பார்த்தால் அந்த மேடம் வேலையை விட்டே போய்விட்டாராம். ரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'பாடத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது, கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இருந்தது.

ஆகவே, எங்கே சேர்வதாக இருந்தாலும் பணம் கட்டுமுன் ஸ்டாப் மோஷன் எடுக்கிற அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் முழுக்க அடைத்த அறையா, வாரக் கணக்கில் யாரும் கை வைக்காமல் செட்டை அப்படியே விட்டு வைக்க முடியுமா, ஸ்டாப் மோஷன் எடுக்கிற மென்பொருளான டிராகன்ஃபிரேம் இருக்கிறதா, பழைய மாணவர்கள் எடுத்த துண்டுப் படம் ஒன்றாவது இருக்கிறதா. இத்தனைக்கும் மழுப்பினால் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆழமாகப் படிக்க வசதி இருக்கிறவர்கள் அகமதாபாத் என்ஐடி என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அனிமேஷன் படிப்பையும், பம்பாய் ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசியையும் பாருங்கள். முதலாவதுக்கு டிஏடி (DAT), இரண்டாவதில் முதுநிலைக்கு சீட் (CEED) என்ற நுழைவுத்தேர்வு. பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மேன் ஸ்டுடியோவின் அகாடமி ஆன்லைனிலும் வகுப்பு எடுக்கிறது, ஆனால் கட்டணம் பவுண்டில். எனக்கு எதுவுமே கட்டுப்படியாகவில்லை. குரோம்பேட்டையில் வாடகை வீட்டின் பின் அறையிலேயே ஆரம்பித்தேன்.

முதல் பயிற்சி ஒரு ரூபாய் நாணயம். மேசையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் கோடு போட்டுக்கொண்டு நகர்த்துவது. ஆரம்பத்தில் கோடுகள் நெருக்கமாக, நடுவில் அகலமாக, முடிவில் மறுபடி நெருக்கமாக. ஓட்டிப் பார்த்தால் நாணயம் தானாகக் கிளம்பி, வேகமெடுத்து, நின்றது. எலுமிச்சம்பழ மாட்யூலில் கிடைக்காதது அந்த ஒரு ரூபாயில் கிடைத்தது. அதன்பின் பந்து, ஊசல், கனமான பெட்டியைத் தூக்குவது, கடைசியில் நடை. நடைதான் ஆளைக் கொல்லும். எனக்கு இன்றுவரை சரியாக வரவில்லை.

வீட்டில் எடுப்பவர்களுக்கு எதிரிகள் அதிகம். எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். தாம்பரம் வண்டி ஒவ்வொன்றும் போகும்போது டிரைபாட் மயிரிழை நகரும், ஓட்டிப் பார்த்தால் உலகமே துள்ளும். டிரைபாட் கால்களைத் தரையில் ஹாட் குளூ போட்டு ஒட்டினேன், செட்டை மேசையோடு சேர்த்து முடுக்கினேன். வண்டி போய் அதிர்வு அடங்கியபிறகே கிளிக். சென்னை வெயிலில் களிமண் இளகி, கை தூக்கிய பொம்மை அடுத்த ஃபிரேமுக்குள் சலாம் போட ஆரம்பிக்கும். ஃபேன் போட்டால் துணி ஆடும். உதிரிக் கைகளை ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றி எடுத்தேன். அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது ஃபிளிக்கர். காட்சி முழுக்க வெளிச்சம் படபடவென்று துடித்தது. ஜன்னலுக்குக் கருப்புத் துணி, எனக்குக் கருப்புச் சட்டை (வெள்ளைச் சட்டை போட்டால் அது விளக்கொளியைப் பொம்மைமேல் திருப்பியடிக்கும்), விளக்குக்கு ஸ்டெபிலைசர், கேமராவில் எல்லாமே மேனுவல். அப்படியும் துடிப்பு போகவில்லை. காரணம் லென்ஸ். இந்தக் கால லென்ஸ் ஒவ்வொரு கிளிக்குக்கும் அப்பெர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையை, திறந்து மூடுகிறது, ஒவ்வொரு முறையும் அதே அளவுக்கு மூடுவதில்லை. அனுபவஸ்தர்கள் கேனன் பாடியில் அடாப்டர் வைத்துப் பழைய நிக்கான் மேனுவல் லென்ஸை மாட்டுகிறார்கள். அப்பெர்ச்சரைக் கையால் வைத்துவிட்டால் அது அசையாது. இரவல் லென்ஸ் ஒன்று கிடைத்ததும் துடிப்பு நின்றது. அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் அந்த இரண்டு வினாடியையே ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாடகைக்குக் கேமரா எடுப்பவர்கள், பேட்டரிக்குப் பதில் உள்ளே வைத்து நேராகக் கரண்டில் ஓட்டுகிற டம்மி பேட்டரியும் சேர்த்துக் கேளுங்கள். நான் கேட்டேன், கடைக்காரர் "ரெண்டு பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கு, போதும்" என்று அனுப்பிவிட்டார். நல்ல ஷாட்டின் நடுவில் பேட்டரி இறங்கியது. மூடியைத் திறந்து மாற்றியதில் கேமரா அசைந்து, அதற்கு முன் எடுத்ததெல்லாம் குப்பை. வாடகையில் பைசா குறைக்கவில்லை.

அடுத்தது ஆர்மேச்சர், அதாவது பொம்மைக்குள் இருக்கும் எலும்புக்கூடு. ஆரம்பத்துக்கு அலுமினியக் கம்பியே போதும். இரண்டு இழையை டிரில்லிங் மெஷினில் மாட்டி முறுக்குங்கள், மடங்கக் கூடாத இடத்தில் எம்-சீல் பூசுங்கள், பாதத்துக்குள் ஒரு நட்டைப் புதைத்தால் செட்டுக்கு அடியிலிருந்து போல்ட் போட்டு நிறுத்தலாம். செம்புக் கம்பி வேண்டாம், வளைக்க வளைக்க விறைத்துப் படக்கென்று ஒடியும். வேலை கேட்டு அனுப்புகிற மாதிரி வீடியோவான ரீலுக்கு மட்டும் நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று, எஃகில் பந்துக்கிண்ண மூட்டு வைத்த ஆர்மேச்சர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சுங்கத்தில் மாட்டிக்கொண்டது.

கூரியர் ஆபீஸில் கேஒய்சி கேட்டார்கள். ஆதாரில் ஊர் முகவரி, பார்சலில் குரோம்பேட்டை முகவரி, எனவே வாடகை ஒப்பந்தம் வேண்டுமாம். கொண்டுபோனேன். அடுத்த முறை வேறு ஆள், "இது என்ன பொருள்?" என்றார்.

"பொம்மைக்கு எலும்புக்கூடு சார்."

"மெடிக்கலா?"

"இல்ல சார், அனிமேஷனுக்கு. பொம்மைக்குள்ள வைக்கறது."

"டாய்னா லைசென்ஸ் வேணும். உங்ககிட்ட ஐஇசி இருக்கா?"

சொந்த உபயோகத்துக்குத் தருவிக்கும் பொருளுக்கு இறக்குமதியாளர் எண் தேவையில்லை. அதைச் சொன்னதும் மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். சாப்பாடு சாயங்காலம்வரை நடந்தது. கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில், இது விளையாட்டுப் பொம்மை அல்ல, அனிமேஷன் பயிற்சிக்கான உலோகச் சட்டகம், விற்பனைக்கு அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, விற்றவரின் பில்லையும் இணைத்து, வரி கட்டி மீட்டேன். ஆர்டர் செய்யும்போதே பில்லில் பொருளின் விவரத்தை விற்பவர் தெளிவாக எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள். என் பில்லில் 'பப்பட்' என்று மட்டும் இருந்ததுதான் அத்தனைக்கும் காரணம்.

ரீல் தயாரானது. செட், விளக்கு, பொம்மை, அசைவு, எடிட்டிங் எல்லாம் நானே என்று பெருமையாகப் போட்டு அனுப்பினேன். பெரும்பாலும் பதிலே வரவில்லை. ஒரு கம்பெனி 'டெஸ்ட்' என்று சொல்லி ஷாம்பு பாட்டில் நடனமாடுகிற மாதிரி முழு விளம்பரமே எடுத்து வாங்கிக்கொண்டு, பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டது. டெஸ்ட் கேட்டால் ஐந்து வினாடிக்கு மேல் செய்யாதீர்கள், வாட்டர்மார்க் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

கடைசியாக மும்பையிலிருந்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், நீங்கள் என்ன வேலை கேட்கிறீர்கள் என்றார். அனிமேட்டர் என்றேன். நடை சுமார்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பொம்மைகளை யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றதும் குரலே மாறியது.

அவர் சொல்லித்தான் விளங்கியது. பெரிய யூனிட்டில் பொம்மைக்கு ஒருவர், அதன் மூட்டுக்கு ஒருவர், அச்சுக்கு ஒருவர், உடைக்கு ஒருவர். செட், அதில் வைக்கும் சாமான்களான புராப், விளக்கு, கேமராவை மெஷினால் நகர்த்துகிற மோஷன் கன்ட்ரோல் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள். பொம்மையைத் தாங்கும் கம்பியைக் கம்ப்யூட்டரில் அழிக்கவே ஒரு கூட்டம் உண்டு. சென்னைக்காரர்களுக்கு இந்தக் கடைசி வேலைதான் கிட்டத்தில் இருக்கும் வாசல் என்பேன். விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களில் உருவத்தை வெட்டியெடுக்கிற ரோட்டோ, வேண்டாததை அழிக்கிற பெயின்ட் செய்கிறவர்களுக்கு, ரிக் ரிமூவல் எனப்படும் இந்தக் கம்பி அழிப்பு புதிதல்ல. ஷாட் எடுக்கும்போதே பொம்மை இல்லாத வெற்றுச் செட்டை ஒரு ஃபிரேம் எடுத்துவைத்திருந்தால் அவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். மாயாவும் வீணில்லை. 2009-இல் வந்த கோரலைன் படத்திலேயே அமெரிக்காவின் லைக்கா ஸ்டுடியோ முகபாவங்களை த்ரீடி பிரின்ட் எடுத்து மாற்றி மாற்றி மாட்டியது. அந்த முகங்களைக் கம்ப்யூட்டரில் வடிக்கவும் ஆள் வேண்டுமே. 'முடித்ததும் அனிமேட்டர்' என்று தண்ணீர் கொடுத்த மேடம் இதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ரீலை வெட்டி, பொம்மை செய்வது மட்டும் தெரிகிற மாதிரி மாற்றினேன். கம்பி, எம்-சீல், ஸ்பாஞ்ச், தோல், பெயின்ட் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ. மும்பை மேனேஜரும் அணிலுக்கு மாதிரி கேட்டார். ஒரே அணில் பல பிரதி வேண்டும் என்றதால் அச்சு எடுத்து சிலிகான் ஊற்ற வேண்டும். சிலிகான் விற்ற கடைக்காரர், "எதுல வேணா ஊத்துங்க, செட் ஆயிடும்" என்றார். களிமண் மாதிரியின்மேல் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் தொட்ட இடமெல்லாம் பிசுபிசு. இரண்டு நாள் கழித்தும் அதே கதி. பிளாட்டினம் வகை சிலிகானுக்குக் கந்தகம் ஆகாது, மாடலிங் களிமண் பலவற்றில் கந்தகம் இருக்கிறது. லேட்டக்ஸ் கையுறை பட்டாலும் இதே கூத்துதான், நைட்ரைல் போட்டுக்கொள்ளுங்கள். கந்தகம் இல்லாத களிமண் என்று கேட்டு வாங்கி, ஒரு ஸ்பூன் அளவு ஊற்றிப் பார்த்துவிட்டு மீதியைக் கலக்குங்கள்.

அச்சு விஷயத்தில் கரையேற்றியது கொசப்பேட்டை. விநாயகரும் கொலு பொம்மையும் செய்கிற தெருவில் ஒரு பெரியவரிடம் அணிலைக் காட்டினேன். கையில் வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, மெதுவாகத் திருப்பினார். விரலை முதுகிலிருந்து இறக்கி, வளைவு உள்பக்கம் திரும்புகிற இடத்தில் நிறுத்தி, நகத்தால் ஒரு கோடு போட்டார். "இதுக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. வாலைத் தனியா ஊத்தும்மா, சேத்து ஊத்தினா மாட்டிக்கும், இழுத்தா கிழியும்." முதல் பாதி பிளாஸ்டர் இறுகியதும் ஓரத்தில் நாலு குழி தோண்டினார். இரண்டாவது பாதி வந்து பூட்டிக்கொள்வதற்காம். சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு அடுத்ததை ஊற்றினார், இரண்டும் அலுங்காமல் பிரிந்தன. காசு கொடுத்தால் வாங்கவில்லை. அனிமேஷன் என்று நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "இதுக்கெல்லாமா கோர்ஸ் வெச்சிருக்கான்?" என்றார். சரிதான்.

அப்புறம் அணில்கள் சிக்கல் இல்லாமல் முடிந்தன. மும்பைக்கு அனுப்பும்போது உதிரி வாலும் உதிரிக் கைகளும் சேர்த்து வைத்தேன். ஷூட்டிங்கில் கம்பி ஒடியாமல் இருந்ததே கிடையாது என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். பொம்மையின் கழுத்தில் சிறு சீட்டுக் கட்டி, எந்த மூட்டு எதுவரை வளையும் என்று எழுதிவிடுங்கள், அனிமேட்டர் உங்களை மறக்க மாட்டார்.

பாதிப் பணம் அட்வான்ஸாக வராமல் களிமண்ணைத் தொடாதீர்கள். பொருள் செலவையும் கூலியையும் பில்லில் தனித்தனியாகப் போடுங்கள். எனக்கு டிடிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள். அது வருமான வரித் தளத்தில் என் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், இன்னும் ஏறவில்லை. நாளைக்கு அவர்களுடைய அக்கவுன்ட்ஸில் ஒரு போன் போட வேண்டும்.